ஒட்டி நின்ற ஒற்றை எழுத்து

சகலை நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரியாத ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுத்து ஒட்டும் போர்டுக்காரரும் அதற்கு விலக்கில்லை. காலையில் பக்கத்துத் தெரு அம்மாள் வீட்டுக்கு வந்ததும் பையை மேசைமேல் கவிழ்த்தார். எட்டு பிளாஸ்டிக் எழுத்துகள் விழுந்தன.

"என் சகலை பார்த்த வேலைங்க இது."

எதையும் துருவிப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பதால் தெருவில் 'பூதக்கண்ணாடி அக்கா' என்று பெயரெடுத்த அந்த அம்மாள் எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரு 'அவசரம்' என்று கூப்பிடும் அவருடைய கணவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

"பல் ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு கண்ணாடிச் சுவருங்க. இடது எனக்கு, வலது அவனுக்கு. எங்களுக்கு வேலை பிடிச்சுக் குடுக்குற மாமனார் நாளைக்கு வந்து பார்ப்பாரு. யாரோடது நல்லா இருக்கோ, அவங்களுக்குத்தான் அடுத்த ஓட்டல் போர்டு வேலை. நேத்து ரெண்டு பேரும் 'பல் மருத்துவமனை'ன்னு, ரெண்டு பக்கமும் பசை இருக்குற டபுள் டேப்பாலதான் ஒட்டினோம். காலைல பார்த்தா என்னோடது தரைல கிடக்குது. அவனோடது சிரிச்சுக்கிட்டு நிக்குது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவன்தான் பேத்தெடுத்தான்னு."

ஆஸ்பத்திரி வாசலில் சகலை கைகட்டி நின்றார். "வாங்கண்ணே. என்னைப் பிடிச்சுக் குடுக்க ஆளோட வந்திருக்கீங்க போல."

இடது சுவரில் ஓரத்து 'னை' மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சகலையின் கருவிப் பெட்டியைக் குடைந்த அவசரம் ஒரு பிளேடைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா! ஆள் மாட்டிக்கிட்டான்!"

"பொறுங்க. டேப்ல ஒரு கீறலாவது இருக்கா?" என்றார் அக்கா.

விழுந்த எட்டு எழுத்துகளின் பின்னாலும் டேப் கிழியாமல் வழவழவென்று இருந்தது. கண்ணாடியில் பசையின் பொட்டுகூட இல்லை. அக்கா தண்ணீரில் விரலை நனைத்து இடது கண்ணாடியில் தெளித்தார். தாமரை இலைத் தண்ணீராய் முத்து முத்தாக உருண்டது. 'னை'யைச் சுற்றித் தெளித்தார். அங்கே தண்ணீர் பரவியது. வலது சுவரிலும் பரவியது.

"நேத்து கண்ணாடியைத் துடைக்கிறப்போ ஏணியை எங்க சாத்தி வச்சிருந்தீங்க?"

"அந்த ஓரத்துலதான்."

"அதான் துணி படாம அந்த இடம் தப்பிச்சுது. மத்த இடத்துல எதைப் போட்டுத் துடைச்சீங்க?"

போர்டுக்காரர் தரையைப் பார்த்தார். "கார் பாலிஷ். அவன் பக்கத்தைவிட என் பக்கம் மின்னணும்னு..."

"பிளேடு பட்டிருந்தா டேப் கிழிஞ்சிருக்கும், பாதிப் பசை கண்ணாடில நின்னிருக்கும். உங்க டேப் எழுத்தை விடவே இல்ல. கண்ணாடியைத்தான் பிடிக்கல. பாலிஷ் மெழுகு மாதிரி. அதுமேல எதுங்க ஒட்டும்? யாரும் பேத்தெடுக்கல. உங்க பொறாமைதான் பேத்தெடுத்தது."

அவசரம் பிளேடை மெதுவாகப் பெட்டியில் வைத்தார்.

சகலை ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். "ரெண்டு தரம் துடைங்கண்ணே. நல்லாக் காயட்டும். புது டேப் போட்டு ஒட்டுங்க, நான் ரோலரால அழுத்துறேன். ஒட்டினப்புறம் இழுத்து இழுத்துப் பார்க்காதீங்க. இறுகுறதுக்கு ஒரு நாள் வேணும்."

போர்டுக்காரர் துணியை வாங்கினார். "வீட்ல சொன்னதை எதைப் போட்டுத் துடைக்கிறது, அக்கா?"

"அதுக்கு ஸ்பிரிட் கிடையாது. வாயைத்தான் திறக்கணும்."

மறுநாள் காலை ஒன்பது எழுத்துகளும் சுவரில் இருந்தன. போர்டுக்காரர் மாமனாரிடம் பாலிஷ் விஷயத்தையும் சகலைமேல் தப்பில்லை என்பதையும் சொன்னார். ஓட்டல் வேலை சகலைக்குப் போனது.