கீழே விழுந்த வளையம்

நான் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் கீப்பர். பெயர் சித்ரா. குடித்துவிட்டு வந்து கேட்டைத் திற என்று மல்லுக்கு நிற்கிறவனை நாலு கேள்வி கேட்டு ஓட விடுகிறவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் பொழப்ப பாரு" என்பேன். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

என் தம்பி பிரவீன்குமார் கூட்டேரிப்பட்டில் ரோட்டோரமாக ஓட்டல் திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். உள்ளே ரயில் பெட்டி மாதிரி ஜோடனை. சுவரில் மாட்டப் பழைய ரயில் சாமான் வேண்டுமாம்.

"வானூர் பக்கம் இடிஞ்ச ரயில்வே சிக்னல் கேபின் ஒண்ணு இருக்குதுக்கா. நீ வந்து எது இன்னான்னு சொல்லு" என்று, டியூட்டி முடிந்ததும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அம்மா இறந்தபோது அவன் தவழ்கிற பிள்ளை. என் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன் கூப்பிட்டால் எனக்கு மறுக்க வராது.

நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் கேபின் நின்றது. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். மண்மேடு மட்டும் நீளமாகக் கிடந்தது.

அந்தக் கேபினைப் பற்றி எங்கள் ரயில்வே ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு இங்கே வண்டி விட்டார்களாம். பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்று ஊரில் பேச்சு. இரண்டு லைனும் இந்தக் கேபினில் சேர்ந்து, அப்புறம் ஊர் வரைக்கும் ஒற்றை லைன். யார் முதலில் போவது என்று தினமும் குடுமிப்பிடி.

ஒற்றை லைனில் போக டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். பெரிய பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் இரும்பு உருண்டை. கேபின்காரன் வளையத்தின் விளிம்பைப் பிடித்து நீட்டுவான். ஓடுகிற இஞ்சினில் இருந்து கையை விட்டு வாரிக்கொள்வார்கள். முந்தின லைனில் வாங்கிய பழைய வளையத்தை அப்போதே கீழே போடுவார்கள். கேபின்காரன் அதை எடுத்துக் கேபின் பெட்டியில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவரை அந்த வண்டி இன்னும் லைனில் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம்.

கண்ணையன் என்ற கேபின்காரன் சின்ன கம்பெனி ஆள். தன் வண்டிக்காக வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றானாம். பெரிய கம்பெனி இஞ்சின் முந்திக்கொண்டு வந்து அதை வாரியது. கண்ணையனும் சேர்ந்தே போனான். உடம்பு கிடைத்தது. வலது கை கிடைக்கவில்லை.

கேபினுக்குள் நனைந்த கரி வாசனை அடித்தது. ஆணியில் ஒரு வளையம் தொங்கியது. அங்கே எல்லாவற்றின் மேலும் தூசி. அதன் மேல் மட்டும் இல்லை.

நான் சுதாரிப்பதற்குள் பிரவீன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

"அக்கா, ஒரு போட்டோ எடு!"

"டேய், கழட்டுடா! விளிம்பத்தான் புடிக்கணும், தோள்ல மாட்டக் கூடாது!"

"நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் பேஜாரு பண்ணிக்கினு" என்று சிரித்தபடி கழற்றப் போனான்.

வளையம் வரவில்லை.

சிரிப்பு நின்றது. கத்திக்கொண்டிருந்த கொக்குகளும் நின்றன. மேட்டின் அந்தக் கோடியில் மல்லாட்டைச் செடிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டு வந்தன.

தண்டவாளம் இல்லை. ஆனால் சக்கரச் சத்தம் கேட்டது.

"அக்கா... இழுக்குதுக்கா."

அவன் கால் இரண்டும் மண்ணைக் கீறிக்கொண்டு மேட்டின் ஓரத்துக்குப் போயின. வளையம் இறுகி, தோள் சட்டை கிழிந்தது. சூடான கரிப்புகை முகத்தில் அறைந்தது.

எனக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"எந்தப் பாழாப்போன கம்பெனிக்காரனா இருந்தா எனக்கின்னா? டோக்கன்தான வேணும்? நான் தரேன். என் புள்ளய வுடு!"

விளிம்பைப் பிடித்தேன். வளையம் தளர்ந்தது. அவனை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, டியூட்டியில் கொடி காட்டுவதுபோல் வளையத்தை நீட்டினேன்.

ஒரு வலது கை வந்தது. காக்கிச் சட்டையின் கை. தோளுக்கு அப்பால் உடம்பு இல்லை.

"என்னுது" என்று காதோரம் ஒரு குரல் கேட்டது.

வளையம் போய்விட்டது. என் காலடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. தம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பைக்குக்கு ஓடினேன்.

"ஜல்தி வண்டிய எடுடா!"

வீட்டில் அவனைப் படுக்க வைத்தேன். தோளைச் சுற்றிக் கறுப்பாகத் தடம் விழுந்திருந்தது. தூங்கிப்போனான். கொஞ்ச நேரத்தில் அவன் வலது கை மெல்ல உயர்ந்து, நீட்டியபடி நின்றது. மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளையத்தைக் கொடுத்தேன். கீழே விழுந்த பழைய வளையத்தை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் ரயில்வே சோறு தின்றும் அதை மறந்தேனே, பாவி!

வண்டி இன்னும் லைனில்தான் இருக்கிறது.

விடிந்ததும் தனியாகக் கேபினுக்குப் போனேன். செடிகளுக்கு நடுவே வட்டமாக ஓர் அழுத்தம் மட்டும் இருந்தது. வளையத்தைக் காணோம். உள்ளே, துருப்பிடித்த பெட்டியின் மூடி திறந்து காத்திருந்தது. கொல்லை முழுக்கத் தேடினேன். கண்ணையா, எங்கேயடா போட்டாய் என்று அழுதேன். பிறகு வீட்டு ஞாபகம் வந்து ஓடினேன்.

பிரவீன் தோட்டத்தில் கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தான். வலது கை நீட்டியபடியே இருந்தது. தோளில், நான் தேடிப்போன வளையம். அதன் தோல் பையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா" என்றான், உதடு மட்டும் அசைய. "விளிம்ப புடிக்கப் பாத்தேன்க்கா. வுட மாட்டேங்குது."

நான் வளையத்தில் கை வைப்பதற்குள், தோட்டத்துக்குப் பின்னாலிருந்து ஊதல் சத்தம் வந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் எந்த லைனும் கிடையாது.