அண்ணி பிரித்த தையல்

அண்ணி இறந்த பிறகு அவள் வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஒரு மழைக்கால மத்தியானத்தில். நானும் என் மகளும், கூடவே இரண்டு பெட்டிகள். மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அவள் வாண்டுதான். என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் பாதி நாள் அவரைக் கடல்தான் வைத்துக்கொள்ளும்.

கீழே கடை, மேலே தையல் அறையும் படுக்கை அறையும். பூட்டைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. பழந்துணி மூட்டைக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. வெயில் படாத அலமாரி, யாரோ பூசிய பவுடர், யாருடையதோ வியர்வை. எத்தனை தடவை அலசினாலும் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

"அத்தை வாசனை" என்றாள் வாண்டு சந்தோஷமாக.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. இந்தத் தொழிலை அவளும் நானும் சேர்ந்துதான் நடத்தினோம். பழைய துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, பிரித்து, வெட்டி, புதுசாகத் தைத்து விற்போம். பெரியவர்களின் சட்டை குழந்தைகளின் கவுனாகும். கிழிந்த கோட்டு கைப்பையாகும். பொத்தான், ஜிப், பெல்ட்டுக் கொக்கி எல்லாவற்றையும் அறுத்துக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைப்போம்.

"ஆம்பளைச் சட்டையில முதுகு மட்டும் புதுசாவே இருக்கும்டி. முன்னாடி மட்டும்தானே இழுத்துவிட்டுக்கிட்டுத் திரியறானுங்க" என்பாள் அண்ணி. அவளுக்கு வாயே ஒரு கத்தரி.

நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டேன் என்று என் பிறந்த வீடு கதவைச் சாத்தியபோது திறந்துவிட்டவள் அவள். பிரசவ அறைக்கு வெளியே விடிய விடிய நின்றது என் அம்மா அல்ல, அவள்தான். குழந்தை இல்லை என்று புருஷன் ஒதுக்கிவிட்ட தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாண்டுவைத் தூக்கிக்கொண்டால் மட்டும் கீழே இறக்கமாட்டாள். நாங்கள் நகமும் சதையுமாக இருந்தோம். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடியபோது, கூடப் பிறந்தவள் போனதுபோல அழுதேன்.

முதலில் நடந்தது சின்ன விஷயம்தான்.

வாண்டுவுக்கு ஒரு கவுன் பாதி தைத்தபடி இயந்திரத்தில் கிடந்தது. அறையைப் பூட்டிவிட்டு, தைத்து முடித்த பைகளைக் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கவுன் முழுசாக முடிந்திருந்தது. கழுத்துப்பட்டி, கை, விளிம்பு மடிப்பு, எல்லாமே.

அண்ணி நூலைக் கத்தரியால் வெட்டவே மாட்டாள். பல்லால்தான் கடிப்பாள்.

நூல் நுனியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டேன். செத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அதன் பிறகு வேலையை அவளுக்கென்றே விட்டு வைக்க ஆரம்பித்தேன். வெட்டி, ஊசி குத்தி, மேஜையில் பரப்பிவிட்டுக் கீழே கடைக்கு வந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே தையல் இயந்திரத்தைத் தடதடவென்று மிதிக்கிற சத்தம் கேட்கும்.

"மேல ஆள் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஒரு வாடிக்கைக்காரி.

"என் நாத்தனார்" என்றேன். பொய் சொல்லவில்லையே.

வாண்டுவின் துணிகள் மாற ஆரம்பித்ததைத்தான் தாமதமாகக் கவனித்தேன். நான் தைத்த நீலக் கவுனின் மார்புப் பக்கம் பிரிக்கப்பட்டு, அங்கே பழுப்புப் பூப்போட்ட துணி வந்திருந்தது. எங்கேயோ பார்த்த துணி. அண்ணி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போட்டிருந்த நைட்டி அது. பெட்டியின் அடியில் நானே மடித்து வைத்திருந்தேன்.

குழந்தைமேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

நாளுக்கொரு உடுப்பு மாறியது. என் பழைய சட்டையிலிருந்தும் பாவாடையிலிருந்தும் நான் வெட்டித் தைத்திருந்த பாகங்கள் அழகாகப் பிரிக்கப்பட்டு, கழிவுத் துணிக் கூடையில் ஒரு கட்டாகக் கிடந்தன. அண்ணியின் துணிகள் அந்த இடத்தில் ஏறிக்கொண்டன. தலை வாரிவிடக் கூப்பிட்டால் வாண்டு வருவதில்லை. கதை கேட்டு என் மடியில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே மாடிக்கு ஓடினாள்.

கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. அவள் பிறந்தபோது அவளைச் சுற்றிக் கையில் வாங்கிய என் சால்வையில் தைத்தது. ஒரு காலையில் அதுவும் கூடையில் துண்டுகளாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் அத்தையா?"

"நான் அம்மா."

அவர் வாண்டுவைக் குனிந்து பார்த்தார்.

"இல்ல மிஸ். இவங்க அத்தை. அம்மா வீட்டுல தைச்சுக்கிட்டிருக்காங்க."

விளையாடுகிறாள் என்று சொல்லிச் சமாளித்து அவளை நடத்திக் கூட்டி வந்தேன். மழை தூறியது. என் விரலை அவள் பிடித்திருந்த விதமே வேறாக இருந்தது, விருந்தாளியின் கையைப் பிடிப்பதுபோல.

"கொஞ்சம் மெதுவா போங்க அத்தை" என்றாள்.

போங்க.

பிறந்து பேசக் கற்ற நாளிலிருந்து அவள் என்னை 'வாம்மா, போம்மா' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

வீடு வந்ததும் கையை உதறிக்கொண்டு படியேறினாள். "அம்மா!" என்று அவள் கூவியது கேட்டது. பின்னாலேயே ஓடினேன்.

தையல் இயந்திரத்தின் முன் முக்காலி காலியாக இருந்தது. வாண்டு அதன் பக்கத்தில் நின்று, ஒன்றுமில்லாத காற்றில் தலையைச் சாய்த்திருந்தாள். சாய்ந்த தலை கீழே விழவில்லை. எதுவோ தாங்கியிருந்தது.

அவள் முடி, ஒரு பக்கமாக, மெல்லக் கோதப்பட்டது.

"அண்ணி" என்றேன். "உங்களை நம்பித்தானே கதவைத் தொறந்து வச்சேன்?"

கோதுவது நின்றது.

மருந்து வாடை என் காதோரம் வந்தது.

"உனக்கு இன்னொண்ணு பொறக்கும்டி" என்றது கிசுகிசுப்பு. "எனக்கு?"

அந்தக் கணத்தில் பயம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் சந்தேகம் வந்தது. பிரசவ அறைக்கு வெளியே விடிய விடிய நின்றாளே, அது எனக்காகவா? கொஞ்சும்போதெல்லாம் குழந்தையை அளவெடுத்துக்கொண்டிருந்தாளா? வேறு யாராவது என்றால் முதல் நாளே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அண்ணி என்பதால்தானே சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

மேஜையிலிருந்து தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தேன். வாண்டுவை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டு, அவள் உடம்பிலிருந்த கவுனைத் தோளிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன். அண்ணியின் தையல் கெட்டியானது; போன தடத்திலேயே திரும்பி வரும். அவசரப்பட்டால் பிளேடு குழந்தையின் தோலில் இறங்கும். ஒவ்வொரு தையலாகத்தான் அறுக்க முடிந்தது.

"அம்மா! அத்தை என்னை வெட்டறாங்கம்மா! அம்மா, வாம்மா!"

அவள் அலறியது என்னைப் பார்த்து அல்ல. முக்காலியைப் பார்த்து.

துணியே இல்லாமல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஊசி வெறும் தகட்டில் குத்தியது. ஜாடிகள் அதிர்ந்தன. என் கண்ணை நீர் மறைத்தது; விரலால் தடவித் தடவித் தையலைக் கண்டுபிடித்தேன். தோள், அக்குள், விலா. கடைசி நூல் அறுந்ததும் கவுன் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

என் தொளதொளத்த சட்டைக்குள்ளேயே அவளை விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

எதிர்க்கடையில் செருப்புத் தைக்கிறவர் ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அழுது அழுது வாண்டு தூங்கிப்போனாள். மழை விட்டபோது விழித்தாள். என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள். "ஏம்மா அழுவுறே?"

அந்த 'அழுவுறே'க்காகத்தான் மறுபடி அழுதேன்.

கணவர் கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கா அப்படிச் செய்யறவ இல்லையே" என்றார். அதுவும் எனக்கு ஒரு அடிதான். இருந்தாலும் என் சொல்லுக்காக வீட்டை விற்றார். வாங்கியவனிடமே மூட்டைகளையும் விட்டுவிட்டு வேறு ஊருக்கு வந்தோம். நான் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். வாண்டுவுக்குத் துணி என்றால் கடையில் மடிப்பு கலையாமல் புதுசாக வாங்குவதுதான். கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். என் வீட்டில் ஊசி கிடையாது.

போன வாரம் அவளுடைய புதுப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சறுக்கு மரத்திலிருந்து விழுந்து முழங்கால் பிளந்துவிட்டதாம். பதறிக்கொண்டு ஓடினேன். முதலுதவி அறைக் கட்டிலில் வாண்டு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சுவரோரமாகத் தள்ளி நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பஞ்சு எடுக்கத்தாங்க திரும்பினேன்" என்றாள் தணிந்த குரலில். "ரூம்ல வேற யாரும் இல்லைங்க. கதவுகூடச் சாத்தியிருந்துச்சு."

குனிந்து பார்த்தேன். காயம் மூடியிருந்தது. போன தடத்திலேயே திரும்பி வந்த, நெருக்கமான, அழகான தையல்.

"வலிச்சுதாடா கண்ணு?" என்று கேட்டேன்.

வாண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா. ஊதி ஊதித்தான் தைச்சாங்க."