கிராணி தன்னை வரைந்த படம்

நேற்று வரைந்த கழுத்துப் பொத்தான் இன்று படத்தில் இல்லை.

கதிரேசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். பொத்தான் அழிந்துபோகவில்லை, அதன்மேல் தாடை இறங்கி உட்கார்ந்திருந்தது. டுரியான் துங்கால் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவனுக்குக் கிராணி வேலை, ஆபீசில் கணக்கெழுதுவது. ஓய்வு நாளில் சவரக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்துத் தன்னைத்தானே வரைவது அவனுக்கிருந்த ஒரே கிறுக்கு. ஊர் மெச்சுகிற படமும் இல்லை அது. ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் செங்கல் நிறம், காதுகள் இரண்டும் இரண்டு அளவு, சாயத்தைக் கத்தியால் அள்ளி அப்பியிருந்தான். ஆனால் தலையை நிமிர்த்தித்தான் வரைந்திருந்தான். சத்தியமாக நிமிர்த்தித்தான்.

தாடையைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே ஏற்றி வரைந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இரைய, புகைக்கூடத்து ரப்பர் வாடையும் சாயத்தில் கலந்த எண்ணெயின் நெடியும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்கச் செய்ய, அவனுக்கு அந்தக் கோணிச்சாக்கின் வாடை நினைவுக்கு வந்தது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டதிலிருந்து எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற கூத்துதான். போலீஸ் சனங்களைப் பள்ளிக்கூடத் திடலில் வரிசையாக நடக்கவிடும். கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறவன் முன்னால் வந்தால் தலையாட்டுவான். ஆட்டினால் அந்த ஆள் தொலைந்தான்.

போன மாதம் சாக்குக்குள் இருந்தது கதிரேசு. ஒருவரையும் காட்டாவிட்டால் உன்னையே சந்தேகப்பட வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் மாட்டிவிட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் நல்லமுத்து முன்னால் வந்தபோது தலையாட்டினான். நல்லமுத்து என்ன செய்தான், எதையாவது செய்தானா என்பது இவனுக்குத் தெரியாது. உயிருக்குப் பயந்தான், ஆட்டினான், அவ்வளவுதான். நல்லமுத்து திரும்பி வரவேயில்லை.

மனைவி மனோரஞ்சிதத்துக்கு இது தெரியாது. தெரியாமல்தான் அவள் நல்லமுத்துவின் மனைவி மீனம்மாவுக்குத் தங்கள் பங்கீட்டு அரிசியிலிருந்து முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். அரிசி காட்டுக்குப் போகிறது என்பார்கள், பிடிபட்டால் உனக்குச் சிறைதான் என்று எத்தனையோ தடவை கெஞ்சினான். பிள்ளைகள் பட்டினி, பாவம் என்பாள்.

இப்போது தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தவள் படத்தின் முன்னால் நின்று சிரித்தாள்.

"என்னப்பா, ஆருக்கு ஓமெண்டு தலையாட்டுறியள்?"

கதிரேசு படத்தைத் திரும்பிப் பார்த்தான். சற்றுமுன் ஏற்றி வரைந்த தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் ஈரச் சாயம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. கண்கள் மட்டும் மேலேறி அவளையே பார்த்தன. கண்களை அவன் அப்படி வரையவில்லை.

"அதுக்கு முன்னால நிக்காதையும்."

விசரா உங்களுக்கு என்று அவள் கேட்டாள். கையைப் பிடித்து இழுத்தான். கண்களும் அவளோடு நகர்ந்தன. கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துப் படத்தின்மேல் போட்டான்.

போர்வையின் நடுப்பகுதி அசைந்தது.

கீழே போனது. மேலே வந்தது. காற்றில்லை. கீழே போனது.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

சார்ஜன் தங்கராஜுவும் இரண்டு போலீஸ்காரர்களும் நனைந்தபடி உள்ளே வந்தார்கள். சார்ஜன் மரியாதையாகத்தான் பேசினார். இந்த வீட்டிலிருந்து மீனம்மா வீட்டுக்கு அரிசி போவதாக யாரோ சொன்னார்களாம். கிராணி நம்ம ஆள், அவர் வாக்குப் போதும் என்று மேலிடத்திலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம்.

"உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்களா, ஐயா? இல்லன்னா ஒரு வார்த்த இல்லன்னு சொல்லுங்க. போயிடுறோம்லா."

"இல்லை" என்றான் கதிரேசு. தெளிவாகச் சொன்னான்.

சொல்லும்போதே அவன் தலை இறங்கியது. ஏறியது.

சார்ஜன் அவன் வாயைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குச் சாக்குக்குள்ளயும் நீங்க வாயத் திறக்கல, ஐயா. நல்லமுத்துவ இந்தத் தலைதான் காட்டுச்சு."

மனோரஞ்சிதம் திரும்பினாள். சார்ஜன் பக்கம் அல்ல. கணவன் பக்கம். அவள் முகம் வெளிறிப்போனது.

"இல்லை, இல்லை" என்று கத்தினான். நல்லமுத்துவுக்கும் சேர்த்தே கத்தினான். இரண்டு கைகளாலும் தாடையைத் தாங்கிப் பிடித்தான். எலும்பு நோக அழுத்தினான்.

கைகளோடு சேர்ந்து தலை இறங்கியது.

ஏறியது.

இறங்கியது.

அவளுக்கு விலங்கு மாட்டினார்கள். அவள் அவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் தலையும் நிற்கவில்லை.