தூணுக்காக வளைந்த வாய்க்கால்

ஆயிரம் வருடமாக வாய் திறக்காத ஒரு கல்தூண், இலங்கையின் நாவுலவில் அருந்ததியைக் கண்ட மறுநொடி பேசிவிட்டது. அரசர்கள் அதில் யானை கட்டிப் பார்த்தார்கள், பேசவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் பிரம்பால் தட்டிப் பார்த்தார்கள், பேசவில்லை. இவளுடைய இரட்டைப் பின்னலைக் கண்டதும் மடமடவென்று முப்பத்தெட்டு வரி பேசிற்று. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம்... வரிசையின் தலையில் அவளுடைய அப்பா தில்லையம்பலம் நிற்கிறார்.

எழுபத்து நாலாம் வருடம், ஐப்பசி. அரிசித் தட்டுப்பாட்டில் சோறு கலியாண வீட்டுச் சங்கதியாகிப்போன காலம். புது வாய்க்கால் வெட்டும் வேலைக்கு இஞ்சினியராக வந்திருந்த தில்லையம்பலத்துக்கு, அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் கேரியரில் எடுத்துக்கொண்டு மகள் காட்டுப் பாதையில் போனாள். வழியில் நின்று, கேரியர் மூடியைக் கழற்றி, பொட்டு கலைந்திருக்கிறதா என்று அதில் முகம் பார்த்தாள்.

மூடியில் விழுந்த வெயில் பாய்ந்து போய், மரநிழலில் ஒரு தூணருகே குந்தியிருந்தவனின் கண்ணில் குத்தியது.

"யாருங்க அது, கண்ணைப் பறிக்கிறது?"

அவன் மகேந்திரராஜா. மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன். வாய்க்காலின் வரைபடம் கீற நாவுலவுக்கு வந்து நாலே நாள். இஞ்சினியரின் மகளை அவன் கண்டதில்லை.

"மூடிதாங்க பறிச்சிச்சு," என்றாள் அவள். "நீங்க என்ன, கல்லுக்குக் காவலா?"

"எழுத்து இருக்கான்னு தடவிப் பாக்கிறேன். டூர் வந்தீங்களா? சீகிரியாவுக்குன்னா ரோட்டுக்குப் போய் தம்புள்ளை பஸ் எடுக்கணும்."

டூர் வந்தவளாகவே இருந்துவிட்டால் என்ன... அவளுக்குள் ஒரு குறும்பு துள்ளியது.

"சீகிரியா ஏறியாச்சு. தம்புள்ளைக் குகை பாத்தாச்சு. நாலந்தாக் கற்கோயிலை மூணு தரம் சுத்தியாச்சு. இந்த மொட்டைக் கல்லுதான் மிச்சம். எங்க உங்க எழுத்து?"

விளையாட்டாக மூடியைச் சாய்த்தாள். வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது...

முதலில் ஒரு வளைவு. அதற்குப் பக்கத்தில் ஒரு சுழி. பிறகு வரி வரியாக, சேற்றில் நெல் முளைப்பதைப் போல எழுத்துகள் எழுந்தன. உச்சியில் சூரியனும் பிறையும். அடியில் ஒரு காகமும் ஒரு நாயும். மூடி நடுங்கியது. அந்த வெளிச்சத்தில் எழுத்துகள் மூச்சு விட்டன... சத்தியமாக விட்டன.

"அசைக்காதீங்க," என்றான் அவன், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"நான் அசைக்கலைங்க... கை தானா அசையுது."

"பழைய சிங்களம். அரசன் கட்டளை. இதை மீறினவன் காக்காவாவும் நாயாவும் பொறப்பான்னு சொல்லத்தான் கீழ ரெண்டையும் வெட்டியிருக்கு."

"ஒரே நேரத்திலயா?"

"ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுங்க."

அவள் சிரித்தாள். அவன் திரும்பினான். கல்லில் பட்ட வெளிச்சத்தில் கொஞ்சம் அவள் கண்ணிலும் தங்கியிருந்தது. முப்பத்தெட்டு வரியையும் எண்ணி வைத்திருந்தவன் அந்தக் கணத்தில் தன் பெயரையே மறந்தான்.

மேகம் வந்தது. கல் மறுபடியும் மொட்டையாயிற்று.

மறுநாளும் வந்தாள். "டூர் இன்னும் முடியலைங்க," என்றாள். அதற்கு மறுநாளும் முடியவில்லை. மேகம் விலகவே இல்லை. அதைப் பற்றி இருவரும் குறைப்படவும் இல்லை. மரவள்ளி சுமந்து டூர் போகிறவர்கள் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? யார் வீட்டுக் கேரியர் என்று மட்டும் கேட்கவில்லை.

நாலாம் நாள் தெரிந்தது. இஞ்சினியரின் மேசை மேல் வரைபடம் விரிந்து கிடந்தது. மேசையருகே கேரியரோடு அவள்.

"உதென்ன தம்பி? நேர்கோடு கீறச் சொன்னனான். பாம்பு நெளிஞ்ச மாதிரிக் கிடக்கு."

"அந்த இடத்தில கல்தூண் இருக்கு சேர். அதில எழுத்து இருக்கு."

"எருமை கட்டுற கல்லு. நான் பத்துத் தரம் பாத்தனான், ஒரு கீறலும் இல்லை." தில்லையம்பலம் மகளிடம் திரும்பினார். "நீ அந்தப் பாதையாலைதானே வாறனி. ஏதும் கண்டனியே?"

கண்டேன் என்றால், மத்தியானக் காட்டில் ஒருவனோடு தனியே நின்றதையும் சொல்ல வேண்டும். அருந்ததி தரையைப் பார்த்தாள்.

"இல்லப்பா..."

மகேந்திரராஜா அவளை ஒரு தரம் பார்த்தான். ஒரே தரம். பிறகு வரைபடத்தைச் சுருட்டினான்.

"நான்தான் பிழையா பாத்திருப்பேன் சேர்."

"சனிக்கிழமை கல்லை உடைப்பிக்கிறன். திங்கள் நீர் மாத்தளைக்குத் திரும்பலாம். இல்லாததைக் காணுற கண் எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு வந்த இரண்டு இரவும் அருந்ததி தூங்கவில்லை. அந்த 'இல்லப்பா' மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

சனிக்கிழமை பெய்த மழையை என்னவென்று சொல்வது... மேலிருந்தும் பெய்தது, கீழிருந்தும் பெய்தது. அது கொஞ்சம் விட்டதும், பின்னேரம், தில்லையம்பலமும் மகேந்திரராஜாவும் பார்த்து நிற்க, கூலியாட்களின் தலைவன் இருளாண்டி தூணருகே இரும்பு அலவாங்கை ஓங்கினான். குடையில்லாமல், செருப்பில்லாமல் அருந்ததி ஓடி வந்து தூணின் முன்னால் நின்றாள்.

"அப்பா, நான் பொய் சொன்னேன். எழுத்து இருக்கு. இவரோட நின்னு பாத்தேன்."

"எப்ப?"

"மூணு நாள் வந்தேன்..."

"மூண்டு நாளும் எழுத்தையோ பாத்தனி?"

"முதல் நாள் மட்டும் எழுத்தை..."

இருளாண்டி இருமிக்கொண்டு அலவாங்கைக் கீழே வைத்தான்.

"சேர், நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் மகேந்திரராஜா. அவன் காது மடல் சிவந்திருந்தது. "தூணுக்கு ஏழடி வளைவு போதும். நான் பத்தடி கீறினேன்."

"மற்ற மூண்டடி?"

"இவங்க நடந்து வர்ற பாதை... அது வாய்க்காலுக்குள்ள போயிடக் கூடாதுன்னு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மழைத்துளியா, கண்ணீரா... இமையில் நின்றது விழ மறந்து நின்றது.

தில்லையம்பலம் வாய் திறப்பதற்குள் மேகம் மேற்கே கிழிந்தது. சாயுங்கால வெயில் மரங்களுக்கிடையே படுத்தபடி வந்து, நனைந்த கல்லின் கன்னத்தைத் தொட்டது. சூரியன் எழுந்தது. பிறை எழுந்தது. வரி வரியாக, ஆயிரம் வருடம் பொன்னாகி எழுந்தது. கூலியாட்கள் நெருங்கி வந்தார்கள். இருளாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றினார். பிறகு, சேற்றில் கால்சட்டையோடு குந்தி, காகத்தின் அலகில் விரலை வைத்து மெல்லத் தடவினார். நெடுநேரம் எழும்பவில்லை.

"இருளாண்டி, அலவாங்கை அங்காலை கொண்டு போ."

"சரிங்கய்யா."

"தம்பி... பத்தடியே இருக்கட்டும்."

அருந்ததி விசும்பிக்கொண்டே சிரித்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் இன்னும் எழுத்தின் மேல்தான் இருந்தது.

"ஓம் பிள்ளை," என்றார் மெதுவாக. "கல்லு பேசித்தான் இருக்கு."