பட்டியலில் இல்லாத பிடி

இப்போதெல்லாம் எவனும் எதையும் தன் கையால் பிடிப்பதில்லை. பேருந்தில் நின்றபடியே குறட்டை விடுகிறான்; கையில் மாட்டிய பற்றுறை என்ற இயந்திரக் கையுறை மட்டும் மேல்கம்பியில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. டீ தம்ளரை உறையே வாய்க்கு உயர்த்துகிறது. குடிக்கிறவன் கண் வேறெங்கோ. சவரிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பேருந்தில் வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருந்தது அவர் ஒருவர்தான்.

எழுபதைத் தாண்டியவர்கள் வெறுங்கை உரிமத்தை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். தேர்வில் தவறினால் அங்கேயே இரண்டு கைக்கும் உறை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். கை சுடாது, பாத்திரம் நழுவாது, நல்லதுதானே என்பார்கள். ஆனால் உறை அடுத்தவர் வாயில் எதையும் வைக்காது. எங்கோ ஓர் உறை சோற்றைத் தொண்டைவரை திணித்துவிட்டதால் வந்த விதி அது. அவர் மனைவி அமலோற்பவத்துக்குக் கண் போய், உறை மாட்டினாலும் தூக்க முடியாதபடி கையும் விளங்காமல் நாலு வருஷம். அவர் ஊட்டினால்தான் சோறு. ஊட்ட ஆளில்லை என்று பதிவானால் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள்.

தேர்வு நிலையத்தில் அதிகாரி ஜெபசெல்வி ஒவ்வொன்றாக நீட்டினாள். வாளியைக் கொக்கிப்பிடியில் தூக்கினார். புட்டியை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தார். எலுமிச்சம்பழம், சாவி, ஊசி எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு. கடைசியாகப் பேனா.

"எழுதுற மாதிரி பிடிங்க ஐயா."

மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். சிவப்பு எரிந்தது.

"எனக்குக் கைநாட்டுதாம்மா. இதப் பிடிச்சு நான் என்ன செய்ய?"

"மூணு விரலால பிடிக்கணும். இன்னும் ஒரு தடவைதான். அதுவும் போச்சுன்னா தானா பூட்டிரும், என்னால நிறுத்த முடியாது."

மேசைக்கு அடியிலிருந்து இரண்டு உறைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. சவரிமுத்து பேனாவை மேசையில் வைத்தார்.

"மூணு விரலுதான வேணும்? எம் பொண்டாட்டிக்கு ஊட்டுறதும் மூணு விரலாலதான். பேனா எதுக்கு?" என்றவர், மதியத்துக்குக் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, சோற்றையும் சாளைமீனையும் மேசைமேல் பிடியை அளக்கும் உணர்தட்டில் கொட்டினார்.

"ஐயா, அதுல வைக்காதீங்க. நாத்தம் போகாது."

"போகாட்டி கெடக்கு. ஒம் மெஷினப் பாக்கச் சொல்லு."

மீனைப் பிட்டார். கட்டைவிரலால் தடவித் தடவி, மயிரிழை முட்களை நகநுனியில் கிள்ளி எடுத்தார். சோற்றோடு பிசைந்து மூன்று விரலில் அள்ளி, எதிரே ஒரு வாய் இருப்பதுபோல் கட்டைவிரலால் தள்ளினார்.

விளக்கு எரியவில்லை. உறைகள் ஒரு விரற்கடை நெருங்கி நின்றன. பிறகு திரையில் எழுத்து வந்தது. ஜெபசெல்வி வாசித்தாள். "பட்டியலில் இல்லாத பிடி. வலு போதுமானது."

பச்சை.

"தப்பிச்சீங்க ஐயா. ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல." மேலும் வாசித்தவள் முகம் மலர்ந்தது. "அட, இந்தப் பிடிய ஒங்க கைய வச்சே கத்துக்கிருச்சாம். உறைக்கு ஊட்டத் தெரியாதுன்னுதான அந்த விதியே போட்டாங்க, இனி எடுத்துருவாங்க. அடுத்த மாசம் எல்லா உறையும் ஒங்கள மாதிரியே ஊட்டும்."

"எங்கிட்டக் கேட்டா எடுத்தீங்க?"

"நல்லதுக்குத்தான ஐயா. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அம்மாவுக்கு யாரு?"

நாலு வருஷமாக அவரும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. தட்டில் கிடந்த முட்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு முள்ளு தப்பிப் போனாலும் அவ வெடுக்குனு என் விரலக் கடிச்சிருவா," என்றார். "ஒன் உறைக்கு வலிக்குமா?"

"அழுத்தம் தெரியும் ஐயா."

"அதக் கேக்கல. வலிக்குமா?"

அவள் திரையைப் பார்த்தாள். அதில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உரிம அட்டையை வாங்கினார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டார். கழுவாத கையோடு படியிறங்கினார். அமலோற்பவத்துக்குப் பசிக்கிற நேரம்.

"உறை ஊட்டுமாமே," என்று முனகிக்கொண்டே வேகமாக நடந்தார்.