பரிசீலனையில்

அவள் ஏற்பாடு செய்யாத ஒரு சண்டை பட்டியலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலே கால் மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு, கூடத்துச் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து, தன் பதினான்கு வீரர்களும் பத்திரமாக இருக்கிறார்களா என்று வழக்கம்போல மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டியபோது அது கண்ணில் பட்டது. கூண்டுச் சண்டை விளையாட்டு அது. அதில் யாரும் தன் கையால் குத்துவதில்லை. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் சில ஆயிரம் பேர் மேலாளர்களாக இருந்து, ஆள் சேர்த்து, ஒப்பந்தம் பேசி, யார் யாரோடு என்றைக்கு மோதுவது என்று தேதி குறித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அடியெல்லாம் திரைக்குள் இருப்பவர்களுக்குத்தான். தேதி குறிக்காமல் சண்டை கிடையாது. ஆனால் அவளுடைய முதல் வீரனுக்கு நேரே 'நடந்துகொண்டிருக்கிறது, சுற்று 2' என்று பச்சை எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. எதிராளியின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வயது 76. எடை 58 கிலோ.

எழுபத்தாறு வயதில் எந்தக் கிழவன் கூண்டுக்குள் இறங்குவான் என்று சிரிப்பு வந்தது. ஏதோ கோளாறு, நாளைக்குச் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

அந்த முதல் வீரனின் பெயர் 'தம்பி'. நான்கு வருடங்களுக்கு முன் விளையாட்டில் சேர்ந்த புதிதில், சொந்தத் தம்பியைப் பார்த்துப் பார்த்து அவனை உருவாக்கினாள். தாடையில் சின்ன வயதுத் தழும்பு, லேசாகக் கோணிய மூக்கு, அடர்ந்த புருவம் எல்லாம் அப்படியே வைத்தாள். ஆசையாகத்தான் செய்தாள். அவனிடமே காட்டியும் இருக்கிறாள். "எனக்கு இப்படி ஒரு மாரு இருந்திருந்தா நான் ஏன்க்கா இங்க உக்காந்து துணி மடிச்சிட்டிருக்கேன்" என்று அவன் சிரித்தான்.

விளையாட்டில் அவளை எல்லோரும் 'மாமியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் கண்டுபிடித்த ஒரு தந்திரம். ஒப்பந்தம் முடியும்போது வீரனிடமிருந்து கடிதம் வரும்: ஊதியம் கூட்டுங்கள், ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மற்றவர்கள் சரி என்றோ முடியாது என்றோ அழுத்துவார்கள். மூன்றாவதாக 'பரிசீலனையில்' என்று ஒரு பொத்தான் இருந்ததை யாரும் சட்டை செய்யவில்லை. அதை அழுத்தினால் பேச்சுவார்த்தை முடியாமல் நிற்கும். அது நிற்கிறவரை பழைய ஒப்பந்தம் செல்லும். வீரன் வேறு எங்கும் போக முடியாது. ஏழு நாளைக்கு ஒருமுறை மறுபடி அழுத்தினால் போதும். இந்த ஒரு விரல் வேலையால் 'தம்பி' இரண்டு வருடமாக ஓய்வே இல்லாமல் அறுபத்தொரு சண்டை போட்டிருந்தான். 'கொசு' என்ற பெயரில் விளையாடும் ஓர் ஆள், "மாமியாரே, உங்க வீட்டு மருமகளா மட்டும் யாரும் வந்துடக் கூடாது" என்று எழுதியபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வித்தை அவளுக்குப் புதிதும் அல்ல. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை அவளுடையது. வலியோடு வருகிறவர்களை 'டாக்டர் இப்ப வந்துடுவார்' என்று சொல்லி வலியோடே உட்கார வைப்பதற்குத்தான் சம்பளம்.

சுவருக்கு அந்தப்பக்கம் தொம்மென்று ஏதோ விழுந்தது.

அப்பாவின் அறை. தம்பி நாலு மணிக்கு வாளியும் துண்டுமாக உள்ளே போனான். ஞாயிறு மாலையில் அப்பாவுக்கு உடம்பு துடைத்து, நகம் வெட்டி, விரிப்பு மாற்றுவது வழக்கம். பக்கவாதம் வந்து ஆறு வருடம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. படுத்த முதல் மாதம் இருவரும் பேசிக்கொண்டது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது: முதல் வருடம் அவன் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வது, அடுத்த வருடம் அவள். அடுத்த வருடம் வந்தபோது, "கொஞ்சம் பொறுடா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னாள். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

இந்தப் புதன்கிழமை மறுபடியும் கேட்டான். வேறு ஊரில் ஒரு குளிர்கிடங்கில் வேலை, தங்க அறையும் உண்டு. ஞாயிறு ஐந்து மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். அவனுக்காக ஒரு பெண் மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள், இனிமேல் காத்திருக்க மாட்டாள். "நான் போகவாக்கா? அப்பாவ நீ பார்த்துப்பியா?" என்றான். தலையை நிமிர்த்தாமல், "பார்க்கலாம்டா" என்றாள்.

கட்டில் கிறீச்சிட்டது. ஈரத் துண்டு எதிலோ பளீரென்று அறைபட்டது. கிருமிநாசினி நெடியும் பவுடர் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்தன. அவற்றின் அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது, நாள்பட்ட வியர்வையும் தைலமும் கலந்த, ஆட்கள் நெருங்கி நின்று மூச்சு வாங்கும் இடத்தின் நாற்றம். பிறகு எல்லாம் நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். 'இடைவேளை, ஒரு நிமிடம்' என்றிருந்தது.

கதவு திறந்து தம்பி தண்ணீர் குடிக்க வந்தான். கழுத்தில் துண்டு. கீழுதடு வீங்கி, இடது கண் பாதி மூடியிருந்தது.

"என்னடா மூஞ்சி?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

கதவு எந்த இடத்திலும் உதடு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடேயே அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சியாக்கா? அஞ்சு மணிக்கு ஃபோன் பண்ணுவாங்க."

"முதல்ல அப்பாவுக்குத் துடைச்சு முடி. பார்க்கலாம்."

அவன் நின்றான். "அப்பா ரொம்பக் கனமாயிட்டார்க்கா" என்றான். ஒரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். தூக்கி உட்கார வைக்க முடியவில்லை, நாளுக்கு நாள் கனம் ஏறுகிறது என்று. "உனக்குத்தான் தெம்பு போயிருச்சு, நல்லா சாப்பிடு" என்று ஒவ்வொரு தடவையும் கேலி செய்து அனுப்பியிருக்கிறாள். இன்றும் அதையே சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் தம்பி ஒரு பொத்தானை ஒட்டியிருந்தான். அழுத்தினால் கூடத்துச் சுவரில் இருக்கும் மணி டிங் டாங் என்னும். தம்பி திடுக்கிட்டு, தம்ளரை வைத்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் மேஜையைப் பார்த்தாள். மணியிலிருந்த இரண்டு பேட்டரிகளும் டேப்பின் உறைக்குப் பக்கத்தில் கிடந்தன. மதியம் அவள்தான் கழற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் செய்வாள், தம்பிக்குத் தெரியாமல். ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கலாமே என்று.

சுற்று 4. எதிராளியின் எடை 63.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 63தான். 'தம்பி'யின் படத்தில் கீழுதடு சிவந்திருந்தது, இடது கண் பாதி மூடியிருந்தது. கொசுவுக்கு எழுதினாள்: என் பையன் யாரோடு மோதுகிறான், உனக்குத் தெரிகிறதா? உடனே பதில் வந்தது. "என்ன சண்டை மாமியாரே? எங்களுக்கு ஒண்ணும் காட்டலையே. அவன் பேரே பட்டியல்ல இல்ல."

எழுந்து போய்ப் பார்த்தால் முடிந்தது. பன்னிரண்டு எட்டு. அந்த அறைக்குள் கடைசியாக எப்போது போனோம் என்று யோசித்தாள். நேற்று என்றுதான் முதலில் தோன்றியது. நேற்று இல்லை. வாசலில் நின்று 'அப்பா, வேலைக்குக் கிளம்பறேன்' என்று சொன்னதெல்லாம் போனதாகாது. வாசலைத் தாண்டி, அவர் கையைத் தொட்டு, எத்தனை நாள்? அவள் எண்ண ஆரம்பித்தாள். பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

இந்த விளையாட்டில் ஐந்து சுற்றுதான். ஐந்து முடிந்தது. மணி அடித்தது. சுற்று 6.

எடை 71.

இப்போது சத்தங்கள் தெளிவாகக் கேட்டன. மூச்சு. எலும்பில் சதை மோதும் சத்தம், அடக்கமாக, அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்பதுபோல. தரையில் பாதங்கள் தேய்ந்தன. வெறும் பாதங்கள். முன்னே இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒன்று. அது தம்பி. அவன் நடை அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிப் பாதம்.

மெதுவாக. அவசரமே இல்லாமல்.

ஆறு வருடமாகத் தரையைத் தொடாத பாதங்கள்.

அவள் டேப்பின் ஒலியைக் கூட்டினாள். இது விளையாட்டின் சத்தம்தான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள ஆசைப்பட்டாள். டேப்பில் ஒரு சத்தமும் இல்லை. அது எப்போதும் ஊமைதான். வீரர்கள் அடிவாங்கும் சத்தம் பிடிக்காமல் முதல் வாரமே அவள் அணைத்து வைத்திருந்தாள்.

நாலு ஐம்பது. சுற்று 10. எடை 94.

திரையில் கடிதம் வந்தது.

இந்த விளையாட்டில் கடிதங்களெல்லாம் ஒரே அச்சு. மரியாதைக்குரிய மேலாளர் அவர்களுக்கு என்று தொடங்கி, தங்கள் உண்மையுள்ள என்று முடியும். இதுவும் அப்படித்தான் இருந்தது. வீரர் 'தம்பி' உடனடி விடுதலை கோருகிறார். கீழே மூன்று பொத்தான்கள்: விடுவி, முடியாது, பரிசீலனையில். நடுச்சண்டையில் விடுவித்தால் மீதிச் சுற்றுகளுக்கு மாற்று ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. அதற்கான பட்டியலும் இருந்தது. மற்ற பதின்மூன்று பேரும் அதில் இல்லை. ஒரே ஒரு பெயர். மாமியார். வயது 41. உயரம், எடை எல்லாம் சரியாக இருந்தன. பலவீனம் என்ற இடத்தில் 'வலது மணிக்கட்டு' என்றிருந்தது. அந்த வலியை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு எட்டு.

கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

சன்னல் வழியாக மாலை வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது. ஒளிந்துகொள்ள நிழலே இல்லை. கட்டில் காலி. வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியிருந்தது. நடு அறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டிருந்தார். குச்சிக் கால்கள் இரண்டும் ஈரத் தரையில் அகலமாக ஊன்றியிருந்தன. செத்துப்போன இடது கை தம்பியின் கழுத்தைச் சுற்றியிருந்தது, வலது கை அதைப் பூட்டியிருந்தது. தம்பியின் கால்விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் எப்போதும்போல ஒரு பக்கம் தொங்கி எச்சில் வடிந்தது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவளைப் பார்த்தன. மேலிருந்து கீழே, மறுபடி மேலே. உயரம். எடை. மணிக்கட்டு. அங்கே வந்ததும் பார்வை நின்றது.

தம்பிக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அதுவும் அவளைப் பார்த்தது.

"அக்கா" என்றான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "முடிவு பண்ணிட்டியா?"

கூடத்தில் தம்பியின் ஃபோன் அடித்தது. ஐந்து மணி.

ஒரு வார்த்தை போதும். ஒரு பொத்தான் போதும். விடுவி என்பது மேலே, அவள் கட்டைவிரலுக்கு நேரே இருந்தது. இவனைத் தோளில் தூக்கி வளர்த்திருக்கிறாள், இவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தாடைத் தழும்பு விழுந்த அன்று ரத்தத்தைத் தன் பாவாடையில் துடைத்திருக்கிறாள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கைகள் கழுத்தில் பூட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. விரல் கீழே இறங்கியது. மூன்றாவது பொத்தான்.

ஃபோன் நின்றது.

அவள் விரல் எங்கே போனது என்பதைத் தம்பி பார்த்துவிட்டான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவை மெல்ல இழுத்தாள், சத்தம் வராமல், தூங்குகிறவர்களை எழுப்பாமல் சாத்துவதுபோல.

கதவு சாத்தவில்லை.

கீழே பார்த்தாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நான்கு விரல்கள். வீங்கிய முட்டிகள். அவன் விரல்கள். நழுவி வந்து எட்டிப் பிடித்திருக்கிறான்.

"அக்கா."

அவள் கைப்பிடியை விடவில்லை. காலை நிலையில் ஊன்றி, வலிக்கும் மணிக்கட்டோடு இழுத்தாள். உள்ளிருந்து இன்னொரு கை வந்தது. சுருங்கிய தோல், சற்று முன்தான் தம்பி வெட்டிவிட்ட நகங்கள். அந்தக் கை அவசரப்படவில்லை. சுண்டுவிரலை எடுத்தது. பிறகு அடுத்த விரலை. பிறகு நடுவிரலை.

கடைசி விரல் நெடுநேரம் இருந்தது. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.