சுவரைப் பார்த்த இலைகள்

“மணி பிளாண்ட் கொடியத் திருடினவ சங்கிலியத் திருட மாட்டாளா?”

“கொடி எடுத்தேங்க, இல்லேங்கல. ஆனா சங்கிலி...”

“பாத்தீங்களா மிஸ், அவளே ஒத்துக்கிட்டா!”

“என்னய முழுசா சொல்ல விடுங்க கிளாக்கரம்மா!”

காலை 9.10. ஓப்பநாயக்க ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெரிய கிளாக்கரின் வீட்டு முன்னறை. சார்ஜன்ட் விஜயகலா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“ஒவ்வொரு ஆளா பேசுங்க. சரியா?”

காணாமற்போனது கிளாக்கரின் மனைவி இராஜகுமாரியின் பதக்கச் சங்கிலி. நேற்று மாலை நான்கு மணிக்கு மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்ததாம். ஆறு மணிக்கு இல்லை. இடையே இந்த அறைக்கு வந்தவள் வீடு கூட்டும் சுகந்தினி மட்டும். தொழிலாளர் லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவைச் சோதித்தார்கள். சங்கிலி இல்லை, சோடாப் போத்தல் தண்ணீரில் மணி பிளாண்ட் கொடி ஒன்று கிடைத்தது.

“அடுத்த மாசம் பிள்ளைக்காம்பரால புள்ளைகளப் பாக்குற வேலை கெடச்சிருக்கு மிஸ். பொலிஸ் ரிப்போட் கெட்டா அது போச்சு,” என்றாள் சுகந்தினி.

“கொடிய ஏன் எடுத்த?”

“கேட்டு வாங்குனா வளராதுன்னு சொல்றாங்களே. அதான் சொல்லாம கிள்ளுனேன்.”

“என் ஸ்டேஷன்ல தொங்குறதும் களவுக் கொடிதான்,” என்று விஜயகலா போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். வேர் இரண்டு விரல் நீளம். தண்டின் அடி, சீவியதுபோலச் சாய்வாக இருந்தது.

வாசலில் கிளாக்கரின் மகன் விதுர்ஷன், இருபது வயதைத் தாண்டியவன், தலைகுனிந்து நின்றான்.

ஜன்னலில் தாய்ச்செடி தொங்கியது. கொடிகள் தரைவரை. இலைகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்தன.

“அழகா வச்சிருக்கீங்க. யாரு பாக்குறது?”

“நான் மட்டுந்தான். தெனமும் இலை இலையா தொடைப்பேன். மூணு வாரத்துக்கு முந்தி ஒரு கொடி கொறஞ்சதையே கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டேனே!”

“இன்னைக்குத் தொடைச்சீங்களா?”

“ஏழு மணிக்கே.”

“வித்தியாசம் ஏதும்?”

“ஒன்னுமில்ல. எப்பவும் போலத்தான்.”

விஜயகலா முக்காலியில் ஏறிச் சட்டியை இறக்கினாள்.

“ஐயோ, அதத் தொடாதீங்க!”

“மணி பிளாண்ட் வெளிச்சத்தப் பாத்துத்தான் இலைய விரிக்கும் கிளாக்கரம்மா. இது செவரப் பாக்குது. யாரோ எறக்கி, திருப்பி மாட்டியிருக்காங்க. நாளாகியிருந்தா இலை மறுபடி வெளிச்சத்துக்குத் திரும்பியிருக்கும்.”

“அப்ப இவதான்!”

“இவளா இருந்தா ஏழு மணிக்கே தோட்டம் அதிரக் கத்தியிருப்பீங்க. ஒரு கொடி கொறஞ்சதுக்கே சத்தம் போட்டவங்க, செடி முழுசா திரும்பி நிக்கிறதப் பாத்துட்டு எப்பவும் போலங்கிறீங்க. திருப்பி மாட்டுனது நீங்கதான். அதனாலதான் ஒங்களுக்கு அதிர்ச்சியில்ல.”

விரல்கள் ஈரமண்ணுக்குள் இறங்கின. பொலித்தீன் பை ஒன்று வந்தது. அதற்குள் பதக்கம் மின்னியது.

விஜயகலா பையை இராஜகுமாரியின் முன்னால் மேசையில் வைத்தாள்.

“களவாணின்னு பேரு வாங்கிக் குடுத்து இவள இந்த வீட்டுப்பக்கமே வராம செய்யப் பாத்தீங்க. ஏன்னுதான் எனக்கு வெளங்கல.” விஜயகலா சுகந்தினி பக்கம் திரும்பினாள். “தங்கச்சி, நீயும் ஒரு பொய் சொல்லியிருக்க. கிள்ளுனா தண்டு நசுங்கும். இது பிளேட்டால வெட்டுனது. யாரக் காப்பாத்துற?”

விதுர்ஷன் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, சுகந்தினியின் பக்கத்தில் நின்றான்.

“கொடிய வெட்டி அவகிட்டக் குடுத்தது நான்னு தெரிஞ்சுதானேம்மா இதச் செஞ்சீங்க?”